ஆண்டுக்கு 900 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கு இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது?

சென்னை அடையாறில் ஒரே தெருவில் ஒரே வகைப் பெட்ரோல் கார்கள் இரண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கார் நாள்தோறும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்குமாக 3 கிலோமீட்டர் போய் வருகிறது. ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 900 கிலோமீட்டர். இரண்டாவது கார் வாரக்கணக்கில் உறைக்குள் கிடக்கிறது, ஆனால் ஆண்டுக்குப் பத்து முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறது; ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்பதால் அதற்கும் 900தான் வருகிறது. ஓடிய தூரம் ஒன்றே என்றாலும், இரண்டின் ஆயிலும் ஒரே நிலையில் இருக்காது. அரிதாக ஓடும் காருக்கு ஆயில் மாற்றும் காலத்தைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளை இந்த இரண்டு கார்களின் மேலும் வைத்துப் பார்த்தால்தான் எது யாருக்குப் பொருந்தும் என்பது விளங்கும்.

பெரும்பாலான கையேடுகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. பலர் இதன் முற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, "வண்டிதான் ஓடவே இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். நம் இரண்டு கார்களும் 10,000 கிலோமீட்டரைத் தொடப் பதினோரு ஆண்டுகள் ஆகும். ஆகவே தூரத்தை மட்டும் பார்க்கும் முறையை ஒதுக்கிவிடலாம். வாரண்டி உள்ள காரில் ஆண்டு சர்வீஸைத் தவறவிட்டால், பின்னால் இன்ஜின் பழுதுக்கு வாரண்டி கேட்கும்போதும் அது தடையாக நிற்கக்கூடும்.

ஓடாத காரின் ஆயிலைக் கெடுப்பது தேய்மானத்தைவிட ஈரம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியே போய்விட, மிகச் சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் புகுந்து, எரியாத பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டு, ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி ஆயில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும்போது இவை ஆவியாகி, மூச்சுக்குழாய் வழியாக மீண்டும் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிந்துபோகும். சூடேறாத இன்ஜினிலோ அவை ஆயிலிலேயே தங்கி, எரிவாயுக்களோடு சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலத்தை முறிப்பதற்கென்றே ஆயிலில் கலக்கப்பட்டிருக்கும் காரப்பொருள் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகிறது. டாஷ்போர்டில் தெரியும் வெப்பமானி காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை மட்டுமே. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும், அதற்குச் சாலையில் இருபது முப்பது நிமிட ஓட்டமாவது வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டரில் நிறுத்தப்படும் முதல் காரின் ஆயிலுக்கு அந்த வாய்ப்பு ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. இரண்டாவது காருக்கோ ஒவ்வொரு பயணத்திலும் கிடைத்துவிடுகிறது.

இதனால்தான் ஆறு மாதமா, ஓராண்டா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை என்கிறேன். முதல் காருக்கு ஆறு மாதம் என்பதே என் முடிவு. குறுந்தூர ஓட்டத்தைக் கடினப் பயன்பாடாகக் கருதி, வழக்கமான காலத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகளும் உண்டு. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் வெளிச்சாலையில் ஓட்ட முடிந்தால் அதே காருக்கு ஓராண்டு போதும். இரண்டாவது காருக்கு ஆறு மாதத்தில் மாற்றுவது வீண்செலவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இன்னும் சில மெக்கானிக்குகள் சொல்வது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயிலின் காலத்துக் கணக்கு. அன்றைய எரிபொருளில் அமிலத்தை உண்டாக்கும் கந்தகமும் மிகுதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கந்தகத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்துவிட்டது.

முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றி இரண்டு ஆண்டு விடலாமா என்றும் கேட்கிறார்கள். சிந்தெடிக் ஆயில் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், எளிதில் கெட்டியாகாது. ஆனால் உள்ளே இறங்கும் நீரையும் பெட்ரோலையும் அதனாலும் தடுக்க முடியாது. வாரண்டி முடிந்த இரண்டாவது கார் ஒருவேளை அதைத் தாங்கிக்கொள்ளும். சிறிய காருக்கு வேண்டியது மூன்று, மூன்றரை லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும்தான் என்னும்போது, அந்தச் சேமிப்புக்காக இன்ஜினைச் சோதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதையும் நான் ஏற்பதில்லை. டீசல் காரின் ஆயில் புகைக்கரியால் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அது கெட்டதற்கு அடையாளம் அன்று. தேன் நிறத்தில் இருக்கும் பெட்ரோல் கார் ஆயிலில் காரப்பொருள் தீர்ந்துபோயிருக்கவும் கூடும். நம்பத்தக்க அடையாளங்கள் வேறு இரண்டு உண்டு. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போல வெளிர்மஞ்சள் பசை படிந்திருந்தால் ஈரம் தங்குகிறது என்று பொருள். கூலன்ட் அளவும் குறைந்துவந்தால், அது ஆயிலுக்குள் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைச் சோதித்தாக வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. பிஎஸ்-6 டீசல் கார்களில் இது கூடுதல் கவலை: புகைக்கரி வடிகட்டியை எரித்துச் சுத்தப்படுத்துவதற்காகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பங்கு, ஓட்டம் பாதியில் நிற்கும்போதெல்லாம் ஆயிலில் சேர்கிறது. குறுந்தூரம் மட்டுமே ஓடும் அத்தகைய காருக்கு ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.

வாரந்தோறும் வாசலிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் உறும விடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பேட்டரிக்காகவும் இன்ஜினுக்காகவும் அக்கறையோடு செய்யப்படுகிற இந்தக் காரியம்தான் ஆயிலுக்கு மிகுந்த கேடு செய்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகச் செலுத்தப்படும், நீர் உண்டாகும், ஆயில் சூடேறும் முன்பே இன்ஜின் அணைக்கப்படும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டுவதே மேல். ஓட்ட ஆளில்லை என்றால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு இன்ஜினைத் தொடாமல் விடுவதுகூட இதைவிட நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வீட்டில் நிறுத்திவைக்கும் கார்களுக்கு, மாற்றும் காலத்தோடு வரிசையும் முக்கியம். திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய ஆயிலில் சேர்ந்துள்ள அமிலமும் ஈரமும் அத்தனை மாதமும் பேரிங்குகளின் மேல் படிந்தே கிடக்கும். ஆகவே புறப்படுவதற்கு முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்த வேண்டும். ஓராண்டுக்குள் திரும்பிவிட்டால் உடனே மறுபடி மாற்றத் தேவையில்லை. டிப்ஸ்டிக்கில் மட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்கலாம்.