அம்மாவின் கறுப்பு மிஷினா, நாத்தனாரின் வெள்ளை மிஷினா?

பதினேழு வயதில், ப்ளஸ் டூ முடித்த லீவில், தெருக்கோடியில் இருந்த டீச்சரம்மா வீட்டில் தையல் பழகினேன். ஜபலா, ஜட்டி, உள்பாவாடை வரைக்கும் வந்து, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற பாடத்தில் காலேஜ் திறந்துவிட்டது. அத்தோடு சரி. இருபது வருஷம் கழித்து என்னை மறுபடி மிஷின் முன்னால் உட்கார வைத்தவள் என் மூன்று வயது மகள். ஒரு கல்யாண ரிசப்ஷனில், வலைத்துணி வைத்த புது ஃபிராக்கை "குத்துதும்மா, குத்துதும்மா" என்று மேடைக்குப் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஜட்டியோடு ஓடினாள். வீட்டுக்கு வந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அக்குளில் நைலான் நூல் முடிச்சு, இடுப்பில் மடிக்காமல் விட்ட வலையின் விளிம்பு. இதற்கு நானே ஒரு பருத்தி கவுன் தைத்துவிடலாமே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

மிஷினுக்குப் பஞ்சமில்லை. திருமங்கலத்தில் அம்மா வீட்டுப் பரணுக்குக் கீழே, பொன்னெழுத்து பாதி அழிந்த கறுப்பு உஷா, இரும்பு ஸ்டாண்டோடு இருந்தது. அதே சமயம் என் நாத்தனார் வெளிநாடு போகும்போது தன்னுடைய கரண்ட் மிஷினை "சும்மாதானே கிடக்கு, நீங்க ஓட்டுங்க அண்ணி" என்று மதுரையில் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, ஜிக்ஜாக், காஜா, பூத்தையல் எல்லாம் உள்ள தினுசு. ஐந்து மாதமாக இரண்டும் ஒரே அறையில் நிற்கின்றன. இரண்டிலும் தைத்தேன், இரண்டிலும் அழுதேன். இப்போது கறுப்பு மிஷின் கட்சிக்கு வந்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த சங்கதிகளை முதலில் தள்ளிவிடுகிறேன். வெள்ளை மிஷின் இடத்தை அடைக்காது, தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். கறுப்பை ஸ்டாண்டோடு நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். வெள்ளைக்குக் கரண்ட் வேண்டும், கறுப்புக்குக் கால் போதும். வெள்ளையில் ஊசிக்கு மேலேயே விளக்கு உண்டு. கறுப்பைப் பகலில் ஜன்னல் ஓரம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விலையைப் பொறுத்தவரை, இன்றைக்கு இரண்டையும் புதிதாக வாங்கினால் வெள்ளைக்குத்தான் அதிகம். அம்மாவோ பாட்டியோ விட்டுப்போன மிஷின் வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கே கிடையாது.

வெள்ளையின் மெய்யான பலம் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று, அதன் முன்பலகையைக் கழற்றினால் ஒடுக்கமான கை மாதிரி ஒரு பகுதி நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று வயதுக் குழந்தையின் சட்டைக் கையை அதில் அப்படியே மாட்டிச் சுற்றித் தைக்கலாம். கறுப்பில் அந்தச் சின்ன வளையத்தை விரித்துப் பிடித்து, கீழ்த்துணி சேர்ந்து தைபடாமல் பார்த்து, அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்த வேண்டும். ஒரு தடவை கையின் வாயையே மூடித் தைத்துவிட்டேன். இன்னொன்று பனியன் துணி. இழுத்தால் நீள்கிற துணிக்கு நேர்த்தையல் போட்டால், குழந்தை தலையை நுழைக்கும்போது நூல் பட்டென்று அறும். அங்கே வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் தையல் வேண்டும், உருண்டை முனை ஊசியும் வேண்டும். நான் தைத்தது இரண்டே பனியன் சட்டைகள், அதனால் இதைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். டீ-சர்ட், லெக்கிங்ஸ் தைக்கத்தான் ஆசை என்றால் என் பேச்சைக் கேட்காமல் வெள்ளையையே வாங்குங்கள்.

பருத்திக் கவுன், பாவாடை சட்டை, எலாஸ்டிக் நிக்கர் என்று போகிறவர்களுக்கு ஓரப் பிசிறை அடக்க ஜிக்ஜாக் அவ்வளவு அவசியமில்லை. பாப்ளினோ மெல்லிய வாயில் துணியோ எடுத்து, நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி வைத்து ஓரமாக ஒரு தையல் போட்டு, பிசிறை நறுக்கி, திருப்பி உள்பக்கமாக இன்னொரு தையல் போட்டால் வெட்டு விளிம்பு உள்ளேயே ஒடுங்கிவிடும். டீச்சரம்மா இதைப் பிரெஞ்சு தையல் என்று சொல்லிக்கொடுத்தார். குழந்தையின் தோலில் நூல் உராயாது, ஓவர்லாக்கைவிட மெத்தென்று இருக்கும். அதற்குச் சோம்பல் என்றால் பீக்கோ, ஓவர்லாக் என்று போர்டு மாட்டிய கடை எந்தத் தெருவில் இல்லை? காஜாவும் அங்கேயே போட்டுக்கொடுப்பார்கள்.

என்னைக் கட்சி மாற வைத்தது பராமரிப்பு. பராமரிப்பு என்றதும் வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்று நினைக்காதீர்கள். புதிதாகத் தைக்கிறவளுக்கு அது தினசரிப் பாடு. துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொள்ளும், தையல் தாண்டும், நூல் அறுந்து அறுந்து போகும். ஒவ்வொரு தடவையும் எழும் கேள்வி ஒன்றுதான்: தப்பு என் மேலேயா, மிஷின் மேலேயா? அதைக் கண்டுபிடிக்க விடுகிற மிஷின்தான் மறுபடி பழகுகிறவளுக்கு ஏற்றது.

அந்தக் குருவிக்கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையில் முதல் கவுனின் கழுத்துக்கு, மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பீஸ் வைத்துத் தைக்கிறேன். மேலே தையல் அழகாக வரிசை கட்டி வருகிறது. கீழே திருப்பினால் நூல் கொத்து. கீழே குழப்பம் என்றால் கீழ்நூல் சுற்றிய பாபின் தகராறு என்று நினைத்துப் பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். இரண்டு நாள் போனது. உண்மையில் கீழ்ப்பக்கம் கொத்தாக விழுந்தால் பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டு இரண்டுக்கும் நடுவில் நூல் உட்காராமல் போயிருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்தால்தான் வட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் மேலோட்டமாகக் கிடக்கும், பிடிப்பே இருக்காது. வெள்ளை மிஷினில் அந்த வட்டுகள் பிளாஸ்டிக் மூடிக்குள்ளே. நூல் ஒரு பள்ளத்தில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதோ செய்துவிட்டு, இன்னொரு பள்ளத்தில் ஏறி வருகிறது. உள்ளே சரியாக உட்கார்ந்ததா என்பது மிஷினுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

கறுப்பில் அந்த இரண்டு வட்டும் முகத்துக்கு நேரே, ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்கும். நூல் நடுவில் போனது கண்ணுக்குத் தெரியும். ஃபுட்டை இறக்கி நூலை இழுத்தால் இறுக்கம் விரலுக்குத் தெரியும். பாபினையும் அப்படியே சோதிக்கலாம். பாபினை வைக்கும் பாபின் கேஸை, நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு, உலுக்கினாலும் இறங்காவிட்டால் இறுக்கம். லேசாக ஒரு உலுக்கு உலுக்கினால் ஒரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கேஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன திருகாணியைக் கால் சுற்று திருப்பினால் போதும். டீச்சரம்மா இதைச் சொல்லிக்கொடுத்தது, தொங்கவிட்டுப் பார்த்தபோது கைக்கே ஞாபகம் வந்தது. வெள்ளையில் பாபின் மேலிருந்து படுக்கையாகப் போடுகிற ரகம். நூல் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாடி மூடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அது சௌகரியம்தான். தொங்கவிட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

கறுப்பு சும்மா வந்து ஓடிவிடவில்லை. வந்த அன்று கைச்சக்கரம் அசையவே இல்லை. இருபது வருஷத்துக்கு முன் அம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறாள். தேங்காயெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாக இறுகிவிடும். தையல் மிஷினுக்கு அதுபோல எமன் வேறில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் பெரியவர் வீட்டுக்கே வந்தார். மிஷின் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் போட்டு, எண்ணெய் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டு, ஒரு காபி குடித்தார். பிறகு பாபின் கேஸ் உட்காரும் சட்டிலைக் கழற்றி, அதன் விளிம்பிலிருந்து பழுப்பேறிய ஒரு பச்சை நூலை ஊசிமுனையால் இழுத்தார். "இது உங்கம்மா கடைசியாத் தைச்ச ஜாக்கெட்டு நூலும்மா" என்றார். நன்றாகத் துடைத்து, மிஷின் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டு, நூல் கோர்க்காமல் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னார். தோல் பெல்ட் தொய்ந்திருந்தது. அரை அங்குலம் நறுக்கி மறுபடி கொக்கி போட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 850 ரூபாய். ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த மாதம் அதே வேலையில் முக்கால்வாசியை நானே செய்தேன்.

வெள்ளைக்கும் ஒரு வைத்தியம் நடந்தது. ஜீன்ஸ் மடிப்பு நாலு அடுக்காக வந்த இடத்தில் பெடலை அழுத்திவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம், ஊசி உடைந்தது. புது ஊசி போட்டும் தையல் விழவில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் "டைமிங் போயிருச்சு மேடம்" என்றார்கள். அதாவது ஊசி கீழே வரும் நொடியும் கொக்கி நூலைப் பிடிக்கும் நொடியும் பிசகிவிட்டன. தப்பு என்னுடையதுதான், ஜீன்ஸைக் கொண்டுபோய் அதன் தலையில் கட்டியிருக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. என்ன செய்தார்கள் என்று கேட்டேன். பில்லைக் காட்டினார்கள். அதில் "சர்வீஸ்" என்று போட்டிருந்தது. ஒரு மிஷினை வைத்து எல்லா வெள்ளை மிஷினையும் எடைபோடக் கூடாது. உங்கள் ஊரில் நல்ல ஆள் கிடைத்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். எங்கள் பகுதியில் கறுப்பைப் பிரிக்க மூன்று பேர் இருக்கிறார்கள், வெள்ளை என்றால் கம்பெனிக்குக் கொண்டுபோங்க என்கிறார்கள்.

மதுரையில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல்காரர்கள் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஊர் இது. துணியைக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிட்டு வந்தால் பாவாடை தயாராக இருக்கும். அந்தக் கடைகள் பிற்பாடு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அத்தனை மிஷின் ஓடிய ஊரில் சட்டில், பாபின் கேஸ், பெல்ட், ஊசிக்குக் குறை வருமா?

ஊசி என்றதும் ஒன்று. என் இரண்டு மிஷினுக்கும் ஒரே மாதிரி தட்டைத் தண்டு ஊசிதான். வாயில் துணிக்கு 11-ஆம் நம்பர், பாப்ளினுக்கு 14, கனத்த துணிக்கு 16. தட்டைப் பக்கம் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். தப்பாகத் திருப்பி மாட்டினால் தையலே விழாது. முதல் வாரத்தில் இதில் ஒரு மாலைப் பொழுது போனது.

வேகத்திலும் கறுப்புக்கே என் ஓட்டு, ஆனால் இதில் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். வெள்ளையின் பெடலை நான் தொட்டதும் பாய்ந்தது. மூன்று வயதுக் கழுத்து வளைவு என்பது மொத்தமே ஒரு சாண் நீளம். அதில் பாய்ந்தால் தையல் நேரே போய்விடும், துணி மட்டும் வளையும். வேகத்தைக் குறைத்து வைக்கிற விசையுள்ள மாடல்களும் வருகின்றன, என்னிடம் இருந்ததில் இல்லை. கறுப்பில் கால் நின்றால் ஊசி நிற்கும். மிச்ச இரண்டு தையலைக் கைச்சக்கரத்தாலேயே உருட்டிப் போடலாம். அதிலும் ஒரு வினை உண்டு. மிதிக்கத் தொடங்கும்போது சக்கரம் பின்பக்கம் ஓடி நூலைச் சிக்கலாக்கும். கைச்சக்கரத்தை நம் பக்கம் தள்ளிவிட்டுக் காலை வைக்க வேண்டும். நூல் கோர்க்காமல் மகளின் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டி ஓட்டி மூன்று நாளில் பிடிபட்டது. தாளில் ஓட்டிய ஊசியைத் துணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், முனை மழுங்கியிருக்கும்.

கறுப்பில் இதுவரை தைத்தது ஏழு கவுன், நாலு நிக்கர், ஒரு பாவாடை. கவுனுக்கு அளவெல்லாம் எடுக்கவில்லை. அவளுக்குச் சரியாக இருக்கும் பழைய கவுனைச் செய்தித்தாளில் விரித்து, ஓரம் வரைந்து, சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டினேன். துணி அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. பலமுறை துவைத்த துணி என்பதால் இனிச் சுருங்காது. புதுத் துணி என்றால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வைப்பேன். பாவாடைக்கு அடியில் மூன்று டக் மடிப்பு வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம்.

கறுப்பு மிஷினுக்கே மோட்டார் பொருத்திக்கொள்ளலாம் என்று பெரியவர் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். நாத்தனார் தை மாதம் வருகிறாள், வெள்ளை அவளோடு போய்விடும். சட்டைக்கை தைக்கும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்வேன்.

பழைய மிஷின் வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். கைச்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுங்கள். எங்கேயும் உதைக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஊசிக்கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. கையோடு ஒரு துண்டுப் பாப்ளின் கொண்டுபோய் அவர்களையே தைத்துக் காட்டச் சொல்லி, திருப்பிக் கீழ்த்தையலையும் பாருங்கள். பாபின் கேஸ் அந்த மிஷினுடையதுதானா என்று கேளுங்கள். இரும்பு ஸ்டாண்டோடு எடுத்தால் ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், எங்களிடம் மாடிக்கு ஏற்ற மட்டும் 300 ரூபாய் வாங்கினார்கள்.