ரூ.85,000 கட்டியும் கண் மூடவில்லை: மேல் இமை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் படிக்கவும்

ரூ.85,000. சித்தி பென்ஷன் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதைக் கட்டி மேல் இமைத் தோலை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர், இப்போது இரவில் களிம்பு போட்டு இமையை டேப் வைத்து ஒட்டிக்கொண்டு தூங்குகிறார். கண்ணை மூடச் சொன்னால் வலது பக்கம் 3 மில்லிமீட்டர் திறந்தே நிற்கிறது. கருவிழியின் அடிப்பக்கம் காய்ந்து, சாயச் சொட்டு விட்டுப் பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பச்சை தெரிகிறது. நேற்று கண் மருத்துவமனையில் பார்த்துச் சொன்னார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இந்த ஆபரேஷனில் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

புகார் போகவிருப்பதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. முடி, தோல், லேசர், உடல் எடை எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி, வாசலிலேயே ஈஎம்ஐ வசதி என்று ஒட்டியிருக்கும் வகை.

அங்கே முதலில் உட்காரவைத்துப் பேசுவது கவுன்சலர். டாக்டர் கண்ணில் படவே மாட்டார். அந்தப் பெண் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேம், உங்க கண்ணு அவ்வளவு அழகு, மேல தொங்குற தோல்தான் மறைக்குது. எங்க அம்மாவுக்கே இங்கதான் பண்ணினோம்" என்று போனில் ஒரு போட்டோவைக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு போட்டோவில் சித்தி விழுந்துவிட்டார். பெற்ற அம்மாவுக்கே செய்தார்கள் என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? "அரை மணி நேர வேலை, மறுநாளே கோயிலுக்குப் போகலாம். இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா ஒரு லட்சம் 85,000 ஆகும்." அங்கேயே 20,000 யூபிஐயில் போனது. மீதி ஆபரேஷன் நாளன்று. டாக்டரை சித்தி முதன்முதலில் பார்த்ததே அன்றைக்கு, ஆபரேஷன் மேசையில் படுத்த பிறகு.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. மேல் இமை தொங்குவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் இருக்கின்றன. தோல் தளர்ந்து மடிந்து விழுவது ஒன்று. இமையைத் தூக்கும் தசை அல்லது அதன் தசைநார் தளர்ந்து இமையின் விளிம்பே இறங்குவது இன்னொன்று. புருவம் இறங்கித் தோலைக் கீழே தள்ளுவது மூன்றாவது. தோலை வெட்டினால் முதலாவதுதான் சரியாகும். எது என்று கண்டுபிடிக்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம், ஒரு டார்ச்சும் ஸ்கேலும் போதும். கண்மணியின் நடுவில் டார்ச் வெளிச்சம் மின்னும் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை அளந்தால் சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். சித்திக்கு 2. பழைய போட்டோக்களைப் பார்த்தாலே அது தெரிகிறது. அவருக்கு இறங்கியிருந்தது இமை. அதிகத் தோல் கொஞ்சம்தான். அளந்திருந்தால் அந்தக் கவுன்சலர் பேச்சே எடுத்திருக்க முடியாது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நேராகப் பார்த்தபடி, ஒரு காட்டன் பட்ஸால் தொங்கும் மடிப்பை மட்டும் மெதுவாக மேலே தூக்குங்கள். இமை முடி வரிசை கண்மணிக்கு மேலே நன்றாகத் தள்ளி நின்றால் பிரச்சினை தோல். அப்போதும் கண்மணியைத் தொட்டுக்கொண்டு நின்றால் தசை. காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இறங்கினாலோ, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ அழகு கிளினிக் பக்கமே போகாதீர்கள், நரம்பு-தசை நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திடீரென ஒரு பக்கம் மட்டும் இமை இறங்கி, தலைவலியும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அடுத்த அநியாயம் கோடு போட்ட விதம். எவ்வளவு தோல் எடுப்பது என்பதை ஆளை உட்காரவைத்து, மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே, பேனாவால் வரைய வேண்டும். படுத்தால் புருவம் மேலேறிவிடும். ஊசி மருந்து இறங்கினால் தோல் உப்பி, அளவே மாறிவிடும். பெண்களுக்குக் கீழ்க்கோடு வழக்கமாக முடி வரிசையிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில், இயல்பான மடிப்பிலேயே வரும். மேல்கோட்டை முடிவு செய்ய இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பிடித்து, கண் லேசாகக்கூடத் திறக்காத அளவுக்குத்தான் குறிப்பார்கள். வெட்டி முடித்த பிறகு புருவத்தின் கீழ் விளிம்பிலிருந்து இமை முடி வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும். கண் மூடுவதற்கு அது தேவை. சித்திக்கு வலது பக்கம் மிஞ்சியிருப்பது 14. படுக்கவைத்து, ஊசியும் போட்ட பிறகுதான் கோடு போட்டார்களாம். கண் வறட்சி இருக்கிறதா என்று தாள் பட்டை வைத்து 5 நிமிடம் பார்க்கும் சோதனையும் செய்யவில்லை. அதில் 10 மில்லிமீட்டருக்குக் கீழே நனைந்தால் தோலை மிகக் குறைவாகத்தான் தொட வேண்டும்.

இதைவிடக் கொடுமை, இப்போது இறங்கிய இமையைத் தூக்கும் சரியான ஆபரேஷனைக்கூட உடனே செய்ய முடியாது. தோல் போதாத இமையைத் தூக்கினால் மூடாத இடைவெளி இன்னும் பெரிதாகும். காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டி வரலாம் என்கிறார்கள். ரூ.85,000 கொடுத்து இருந்த வழியையும் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் போன் செய்தால், "வீக்கம் மேம், எல்லாருக்கும் இருக்கும்." ஏழாம் நாள் தையலை நர்ஸ் பிரித்தார். டாக்டர் எங்கே என்றால், "சார் வேற பிராஞ்ச்ல இருக்கார்." ஒரு மாதம் கழித்து, கண் உறுத்துகிறது, மூடவில்லை என்றால், "செட்டில் ஆக மூணு மாசம் ஆகும்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வீக்கமும் கன்றிப்போன நிறமும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கும், தழும்பின் சிவப்பு ஆற 3 முதல் 6 மாதம் ஆகும், முதல் சில நாள் கண் இறுக மூடாமல் இருப்பதும் உண்டு. ஆனால் கண் மூடாத ஆளுக்கு முதல் நாளிலிருந்தே செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவுக் களிம்பும் கொடுத்து, கருவிழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திக்குக் கொடுத்தது ஒரு ஆன்டிபயாடிக் களிம்பும் வலி மாத்திரையும்.

பிறகு பேச்சு மாறியது. "உங்க வயசுக்குக் கண் வறட்சி சகஜம்." அப்புறம், "ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே மேம்." கடைசியாக, "டச்-அப் பண்ணிக்கலாம், 30,000 ஆகும், உங்களுக்காக 25." ரூ.85,000 வாங்கிக் கெடுத்ததைச் சரிசெய்ய இன்னும் 25,000! கேஸ் ஷீட்டைக் கேட்டதும் அம்மா போட்டோ காட்டிய அந்தப் பெண் எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் ஆபரேஷன் என்ற சொல்லே இல்லை, "ஃபேஸ் ரிஜுவனேஷன் பேக்கேஜ்" என்று ஒரே வரி, ரூ.85,000. டாக்டர் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

சொல்வதாகச் சொன்னதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சித்திக்குச் சொட்டு மருந்து போடும் நேரமாகிறது.

கத்தி பிடிக்கப்போகிறவரை அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் டாக்டர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன், அவருடைய மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் எழுத்தில். மேலே சொன்ன அளவுகளை எடுத்தாரா, சீட்டில் குறித்தாரா என்று கேளுங்கள்.

ரத்தம் நீர்க்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். இதய டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு, சர்க்கரை, பிரஷர், லேசிக் எதையும் மறைக்க வேண்டாம்.

முதல் 24 மணி நேரத்தில் கடும் வலி, கண் கல்லுபோல் இறுகிப் பிதுங்குவது, பார்வை மங்குவது என்று ஏதாவது வந்தால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். அரிதுதான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை போகலாம். ராத்திரி 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்காமல் படுக்காதீர்கள்.

பில்லில் ஆபரேஷன் பெயர் இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது விதி, வாட்ஸப்பில் கெஞ்சாமல் மெயிலிலோ பதிவுத் தபாலிலோ கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருட அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே செய்துகொண்டு கண் மூடாமல் இருப்பவர்கள் அந்த கிளினிக்கின் போனுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஒரு கண் மருத்துவமனைக்குப் போய்க் கருவிழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.