ராத்திரி கால் குடைச்சலுக்குப் பகலில் போடும் காலுறை: வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்தவரின் அனுபவம்

நாள் முழுக்க நின்றே பார்க்கும் வேலை எனக்கு. படுத்துக் கொஞ்ச நேரத்தில் இரண்டு கெண்டைக்காலிலும் கடுப்பு ஏறும், தூக்கம் போய்விடும். தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் அந்த நேரத்துக்கு மட்டும்தான். கடைசியில் கை கொடுத்தது கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ் எனும் இறுக்கக் காலுறை.

இதை நேராகக் கடைக்குப் போய் வாங்காதீர்கள். டாக்டர் முதலில் என் பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சிரைகளின் வால்வு தளர்ந்து ரத்தம் மேலேறாமல் காலிலேயே தேங்குகிறது என்றார். தமனியில் அடைப்பு உள்ளவர் இதைப் போட்டால் பாதத்துக்கு வரும் கொஞ்ச ரத்தமும் குறையும். சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கு இறுக்கிப் பிடிப்பதே தெரியாமல் புண் வரலாம்.

எனக்கு எழுதிக் கொடுத்தது முழங்காலுக்குக் கீழ் வரை வரும் வகை, 20–30 மி.மீ. பாதரச அழுத்தம். கணுக்காலில் நன்றாக இறுக்கும், மேலே போகப்போகத் தளரும். அளவைக் காலையில், கால் வீங்குமுன் எடுக்க வேண்டும்.

போடுவதுதான் பெரும்பாடு. சாதாரண சாக்ஸ் மாதிரி சுருட்டி இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, முதலில் பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். அப்புறம் ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையால் நீவி நீவி மேலேற்ற வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் கயிறு கட்டியதுபோல் தடம் பதியும். மேல் விளிம்பை மடித்து விடவும் கூடாது.

காலையில் எழுந்ததும் போடுவேன், படுக்கும்போது கழற்றிவிடுவேன். ராத்திரி வலிக்குப் பகலில் மருந்தா என்று வீட்டில் கிண்டல். ஆனால் முதல் வாரத்திலேயே சாயங்கால வீக்கம் குறைந்தது. கடுப்பு அடங்க இன்னும் நாளானது. இப்போது அதனால் தூக்கம் கெடுவது அபூர்வம்.

ஒன்றுக்கு மட்டும் இது உதவவில்லை: நடு ராத்திரியில் கெண்டைக்கால் கல்லாக இறுகி இழுத்துப் பிடிக்கும் தசைப்பிடிப்பு. அதற்கு முட்டியை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிப்பதுதான் வழி.

என்னைப் பார்த்து அக்காவும் வாங்கினாள், பிரயோஜனமில்லை. அவளுக்கு வலியைவிடக் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்புதான் அதிகம். எழுந்து நடந்தால் சரியாகும், படுத்தால் திரும்ப வரும். அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற வேறு கோளாறு. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பார்த்து, இரும்புச்சத்து கொடுத்தார்கள். லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தாலும், 75-ஐத் தாண்டாவிட்டால் இதற்குப் போதாதாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். காலுறையைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குறைகளும் உண்டு. வெயில் நாளில் வியர்த்து அரிக்கும், தோல் வறளும். கழற்றியதும் க்ரீம் தடவுகிறேன். போடுமுன் தடவினால் துணி வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். தினமும் கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயவைப்பதால் இரண்டு ஜோடி தேவை. ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும். சுலபமாகக் காலில் ஏற ஆரம்பித்தால் புதுசு வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.