ஒரு யூரோ பிரிமேர்: இரண்டு தடவை வாங்கியவனின் விமர்சனம்

பொருள் ஒரு உட்கட்சித் தேர்தல், விலை ஒரு யூரோ. வாங்கியது இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சேந்த் ஆந்த்ரே ஊரில், 2011ல் ஒரு தடவை, 2017ல் ஒரு தடவை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் ஒன்று விலைக்காகவே.

வழக்கமாக மிக்ஸி, அரிசி குக்கர், சென்னைக்குப் போகிற விமானத்தில் போட்ட சாப்பாடு என்று எழுதுகிறவன் நான். பிரிமேரை, அதாவது பிரான்சில் கட்சி சார்பில் ஜனாதிபதி தேர்தலுக்கு யார் நிற்பது என்று நம்மைக் கூப்பிட்டுக் கேட்கிற அந்த உட்கட்சித் தேர்தலை, ஒரு சேவையாக எடுத்து எழுத வேண்டி வந்தது நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனால்தான். பதவியில் இருக்கிற ஜனாதிபதியை அவர் கட்சிக்காரனே எதிர்த்து நிற்கலாமா என்ற பேச்சு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எப்போது வந்தாலும் அவர் ஒரே வாய்ஸ் மெசேஜைத்தான் போடுவார்: "டேய், அது குடியிருக்கிற வீட்டைக் கொளுத்திக் குளிர் காயற வேலைடா." போன வாரமும் போட்டார். அண்ணே, நீங்கள் ஓசியில் ஓட்டுப் போடுகிற ஆள், நான் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஓசி என்று சொன்னது கிண்டலுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியை அரசாங்கமே நடத்திக் கொடுத்துவிடுகிறது. பிரான்சில் கட்சி தானே மண்டபம் பிடித்து, தானே மேஜை போட்டு, தானே எண்ண வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் இந்த ஒரு யூரோ. 2016 நவம்பரில் வலதுசாரிகள் நடத்தியதற்கு இரண்டு யூரோ, அதற்கே நாற்பது லட்சம் பேருக்கு மேல் போனார்கள்.

2017 ஜனவரி 22, ஞாயிறு, சோஷலிஸ்ட் கட்சி நடத்திய பிரிமேரின் முதல் சுற்று. இங்கே ஜனவரி என்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு நடுவில் ஒரு மழை வந்து போகும். வாசலில் ஒரு அம்மா பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் எனக்கும் மனைவிக்குமாக இரண்டு யூரோ நாணயம் ஒன்றைப் போட்டேன், டங் என்று விழுந்தது. அப்புறம் இடதுசாரிக் கொள்கைகளை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கையெழுத்து. ஏழு பேர் பெயருக்கு ஏழு சீட்டு, ஒரு கவர், திரைக்குப் பின்னால் போய்ப் போட்டு எடுத்து வந்தால் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் "ஆ வொத்தே" (ஓட்டுப் போட்டாயிற்று) என்று சத்தமாகச் சொல்லி முடித்து வைக்கிறார். நிஜத் தேர்தலுக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. வெளியே வந்ததும் எதிரே நின்ற வண்டிக் கடையில் பொம்போன் பிமான் வாங்கினோம் (தெரியாதவர்களுக்கு: நம்ம பருப்பு வடைக்குத் தங்கச்சி முறை, பச்சை மிளகாய் கொஞ்சம் தாராளம்). சேவையின் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டேன், வரவில்லை. அவர் மலபார், அதாவது ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர்களின் வம்சம். கோயிலில் தமிழ்ப் பாட்டு பாடுவார், பேசுவது முழுக்க கிரெயோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவுப் பாஷை. அவர் சொன்னதை நம்ம பாஷையில் போட்டால் இப்படி வரும்: "மாப்பிள்ளையே ஓடிட்டான், நான் எதுக்கு மொய் எழுதணும்?"

அந்த மாப்பிள்ளை அப்போதைய ஜனாதிபதி பிரான்சுவா ஒலாந்த், சோஷலிஸ்ட் கட்சிக்காரர். 2012ல் இந்தத் தீவு அவருக்கு 71 சதவீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தது, அதில் என் ஓட்டும் உண்டு. 2016 அக்டோபரில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் அவர் ஆட்சி திருப்தி என்று சொன்னவர்கள் நாடு முழுக்க 4 சதவீதம். நான்கு! நடுவில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்கு அப்புறம், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் பயங்கரவாதக் குற்றத்தில் சிக்கினால், இங்கேயே பிறந்தவர்களாக இருந்தாலும் பிரெஞ்சு குடியுரிமையைப் பறிக்கலாம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தக் கிளம்பினார். எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், 62ல் புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஆகவே சட்டப்படி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அம்மா அன்றைக்கு ராத்திரி பீரோவைத் திறந்து தாத்தாவின் பழைய காகிதக் கட்டை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். 2016 மார்ச்சில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள், எங்கள் வீட்டு ஓட்டு மட்டும் திரும்பவில்லை.

பிரிமேர் வேண்டும் என்று கட்சி முடிவு செய்தது அதே ஆண்டு ஜூனில். பதவியில் இருக்கிற ஜனாதிபதியும் நிற்க வேண்டுமானால் இதற்குள் வந்துதான் நிற்க வேண்டும். என்ன அவமானம் இது என்று அப்போது பலர் குதித்தார்கள். எனக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை, 2011ல் கட்சியின் இன்னொரு பெரிய தலையான மர்த்தின் ஒப்ரியை இதே பிரிமேரில் தோற்கடித்துத்தான் ஒலாந்தே உள்ளே வந்தார், வந்த வாசல் வழியாக இன்னொரு தடவை நடந்து காட்டச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நவம்பர் கடைசியில் அவருடைய பிரதமர் மனுவேல் வால்ஸே, தானும் நிற்கலாம் என்கிற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேட்டியில் பேசிவிட்டார். டிசம்பர் 1, பாரிஸில் ராத்திரி எட்டு மணி, எங்களுக்குப் பதினொன்று. தூக்கக் கலக்கத்தில் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மனிதர் நிற்கப் போவதில்லை என்கிறார். ஐந்தாம் குடியரசில், அதாவது 1958லிருந்து இருக்கிற ஆட்சி முறையில், ஒரு ஜனாதிபதி முதல் பதவிக்காலம் முடிந்து இரண்டாவதுக்கு நிற்காமல் தானே ஒதுங்கியது அதுதான் முதல் தடவை.

என் முழு வாதமும் இங்கேதான் இருக்கிறது. கடை திறப்பதற்கு முன்னாலேயே சரக்கு வேலை செய்துவிட்டது. ஒரு ஓட்டு கூட விழவில்லை, ஆனால் சொந்தக் கட்சிக்காரர்கள் முன்னால் போய் நிற்க வேண்டி வரும் என்ற ஒரே காரணம் அந்த 4 சதவீதத்தை அவரே உட்கார்ந்து படிக்க வைத்தது. பிரிமேர் இல்லாமல் இருந்திருந்தால் அவர் நின்றிருப்பார், எங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

அண்ணன் இதற்கு, பதவியில் இருந்த ஜனாதிபதியைச் சொந்தக் கட்சிக்காரர் எதிர்த்த கதைகளாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார், மனப்பாடம். 1968ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் பிரைமரியில் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார், ஜான்சன் 49 வாங்கி ஜெயித்தும் மார்ச் முடிவதற்குள் ஒதுங்கினார், கட்சி நவம்பரில் தோற்றது. 1976ல் ஃபோர்டை ரீகன் மாநாடு வரை இழுத்தார், அங்கே பிரதிநிதிகள் ஓட்டு 1187க்கு 1070 என்று ஃபோர்டு தப்பித்தாலும், நவம்பரில் தோற்றார். 1980ல் கார்ட்டரை எட்வர்ட் கென்னடி, கார்ட்டரும் தோற்றார். 1992ல் புஷ்ஷை புக்கானன், அவரும் அவுட். பார்த்தாயா, எதிர்த்தால் கட்சி தோற்கும் என்பார். அண்ணே, இங்கே சிக்லோன் (புயல்) சீசன் வருவதற்கு முன்னால் கூரைத் தகரத்தில் ஏறி ஆணியெல்லாம் தட்டிப் பார்ப்போம். ஆடுகிற தகரம் தட்டினதால் ஆடவில்லை. வியட்நாம் போரையும் ஈரானில் மாட்டிக்கொண்ட பிணைக் கைதிகளையும் கொண்டு வந்து வைத்தது எதிர்த்து நின்றவர்களா? கென்னடி விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, கணக்குப்படி ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் ஆகஸ்ட் மாநாடு வரை இழுத்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

தட்டிப் பார்க்காமல் விட்டதற்கு அவருடைய ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2024ல் பைடனை எதிர்த்து மினசோட்டா எம்.பி. டீன் பிலிப்ஸ் நின்றார், நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 20 சதவீதம் வாங்கிவிட்டு மார்ச்சில் விலகினார், கட்சியின் பெரிய தலைகள் யாரும் பக்கத்தில் கூட வரவில்லை. ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு மேடை விவாதத்தில் தெரிந்திருக்க வேண்டிய பைடனின் தடுமாற்றம் ஜூன் 27 அன்று டிரம்ப் முன்னால் தெரிந்தது. ஜூலை 21ல் பைடன் விலகினார். அவருக்குப் பதில் நின்ற கமலா ஹாரிஸுக்குப் பிரசாரத்துக்கு மூன்று மாதச் சொச்சம்தான் கிடைத்தது. பிலிப்ஸைத் துரோகி என்று முதலில் எழுதியது எங்கள் குரூப்பில் அண்ணன்தான், ஜூலையில் அந்த மெசேஜை அழித்துவிட்டார், என்னிடம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

இப்போது குறைகள். மூன்று நட்சத்திரம்தான் என்று சும்மா சொல்லவில்லை.

முதலில், கடையில் நல்ல சரக்கு இல்லை. ஒலாந்திடம் அமைச்சராக இருந்த மக்ரோன் இதற்குள் வராமல் தனியாகக் கடை போட்டார், இடதுசாரித் தலைவர் மெலான்ஷோனும் அப்படியே. ஏப்ரலில் ஜனாதிபதி தேர்தலின் முதல் சுற்றில் மக்ரோனுக்கு 24 சதவீதம், மெலான்ஷோனுக்கு 19 சதவீதத்துக்கு மேல் (இந்தத் தீவில் அவர்தான் முதலிடம்), எங்கள் ஒரு யூரோவில் ஜெயித்து வந்த பெனுவா ஆமோனுக்கு 6.36. ஆமோன் மோசமான ஆள் இல்லை, 2014 ஆகஸ்டில் ஒலாந்த் இங்கே வந்துவிட்டுப் போன சில நாளில் கலைந்த அமைச்சரவையிலிருந்து கொள்கை பேசி வெளியே வந்தவர்.

பில் கணக்கும் இடித்தது. பிரிமேரின் முதல் சுற்று முடிந்த மறுநாள் காலை வலைத்தளத்தில் மொத்த ஓட்டு மூன்றரை லட்சம் ஏறியிருந்தது, ஆனால் ஏழு பேருடைய சதவீதமும் அப்படியே அசையாமல் நின்றது. அவசரத்தில் நடந்த தவறு என்று விளக்கம் சொன்னார்கள். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர், அன்றைக்கு எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு லேட்.

எல்லாவற்றையும் விட மோசம் கேரண்டி. யார் ஜெயித்தாலும் அவரை ஆதரிப்போம் என்று வேட்பாளர்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். இரண்டாம் சுற்றில் ஆமோனிடம் தோற்ற வால்ஸ், மார்ச் 29 அன்று டிவியில் உட்கார்ந்து தன் ஓட்டு மக்ரோனுக்கு என்று சொன்னார். அதே வால்ஸ் 2024 டிசம்பரில் கடல்கடந்த பகுதிகளுக்கான அமைச்சரானார், அதாவது எங்களுக்கே அமைச்சர்! பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்றைக்கு வேலி ஓரமாக வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் பேசவில்லை. ஒரு யூரோவுக்குக் கையெழுத்து என்னிடம் வாங்குகிறீர்கள், அந்த ஏழு பேரிடம் வாங்கின கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று யாரைக் கேட்பது?

கடைசியாக, காலம். 2011ல் இதே சரக்கு நன்றாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் அது அக்டோபரில் நடந்தது, மே மாதத் தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது, தோற்ற ஒப்ரி ஆட்களுக்குக் கோபம் ஆறிப் போய்ச் சுவரொட்டி ஒட்ட நேரம் இருந்தது. 2017ல் ஜனவரி 29 முடிவு, ஏப்ரல் 23 ஓட்டு. சிக்லோனுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த பிறகு ஏணியை எடுத்து வருகிற கதை.

அடுத்த தடவை வாங்குவேனா என்று மனைவி கேட்டாள். அக்டோபரில் நடத்தினால், பதவியில் இருக்கிறவரும் வரிசையில் வந்து நின்றால், நான் காலையிலேயே போய் அந்த டின்னில் காசு போடுவேன். ஜனவரி என்றால் நேரே வண்டிக் கடைக்குத்தான்.