அடர் பச்சை அடிக்கப் போகிறவர்கள் பக்கெட் மூடியைப் பார்த்துவிடுங்கள்

ஈரோடு மாவட்டத்தில் கோபி, சத்தி பக்கம் வீட்டு வேலை நடத்திக்கொண்டு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஹாலில் டிவி மாட்டும் சுவருக்கு, நல்ல கருக்கலான பச்சை கேட்டிருந்தோம். வண்ண அட்டையில் ஷேட் எண்ணைக் காட்டி, கடை மெஷினில் கலந்த முதல் தர எமல்ஷன்தான் வேண்டும் என்று பேசி, பொருளும் கூலியும் சேர்த்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தோம்.

காய்ந்த பிறகு பார்த்தால் சுவர் திட்டுத் திட்டாக இருந்தது. சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு பச்சை, கீழே வேறு பச்சை. அதைவிடக் கொடுமை, அம்மா சாய்ந்து உட்கார்ந்து எழுந்தபோது சேலை முதுகெல்லாம் பச்சை. ஈரத்துணி வைத்தால் சாயம் அப்படியே துணியில் இறங்குகிறது. கான்ட்ராக்டரிடம் கேட்டால், "அடர்த்தியான கலருன்னா கொஞ்சம் ஒட்டத்தானுங்கண்ணா செய்யும், நாலு மாசம் போனாச் செரியாயிருமுங்க" என்றார்.

ஆகாது. காரணம் பின்கட்டில் கிடந்த சாக்குக்குள் இருந்தது. உள்ளே இருந்தவை வெள்ளை எமல்ஷன் பக்கெட்டுகள், அதுவும் பேசியதைவிட மட்டமான ரகம். கூடவே பச்சை, கறுப்பு ஸ்டெய்னர் குப்பிகள், அதாவது பெயிண்டில் நிறத்துக்காகக் கையால் ஊற்றிக் கலக்கும் சாயம்.

வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறப்பொடி நிறைய இருக்கும். அதில் அளவாகப் பச்சை ஊற்றினால் வெளிர் பச்சைதான் வரும். அடர்த்தி வரவேண்டும் என்று ஸ்டெய்னரை அளவுக்கு மேல் ஊற்றினால், அத்தனை நிறத்தையும் சுவரில் பிடித்து வைக்கும் பசைச் சத்து அந்தப் பெயிண்டில் இருக்காது. அதனால்தான் கையில் ஒட்டுகிறது. ஒவ்வொரு பக்கெட்டையும் கண்ணளவில் கலக்குவதால் நிறமும் மாறுகிறது. அடர் நிறத்துக்கென்றே டீப் பேஸ் என்று தனியாக உண்டு. வெள்ளை மிகக் குறைவாக இருக்கும் பேஸ் அது. மெஷின் அதில்தான் கலக்கும். கலந்ததும் ஷேட் எண், பேஸ் பெயர், அளவு எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கரை மூடியில் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த ஸ்டிக்கரோடு வந்த பக்கெட்டை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கடைக்கு நீங்களே போய் உங்கள் பெயரில் பில் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் பெயிண்டர்கள் சொல்வது நியாயம். டீப் பேஸ் மறைப்புத் திறன் குறைந்தது, மூன்றாவது கோட்டு கேட்கலாம். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்தால் கோட்டு குறையும். பச்சை நிறத்தின் மேல் எனக்கு இப்போதும் ஆசை போகவில்லை, ஒழுங்காக அடித்த சுவர் அத்தனை அழகு.

இந்தச் சுவரின் மேல் அப்படியே இன்னொரு கோட்டு அடித்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடியில் இருப்பது மாவாக உதிரும்போது மேலே அடிப்பதும் பிடிக்காது. தேய்த்து எடுத்து, பட்டி பார்த்து, பிரைமரில் இருந்து தொடங்க வேண்டும். எங்களுக்கு அந்தச் செலவைத் தர அவர் மறுத்துவிட்டார். அப்புறம்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அதில் தீராவிட்டால் ஈரோட்டில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். காலி பக்கெட்டுகளையும் குப்பிகளையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், சாட்சி அதுதான்.