டொரன்டோ குளிருக்கு எந்த டயர்?

நவம்பர் பிறந்தால் டொரன்டோவில் கார் வைத்திருப்போர் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். இருக்கிற ஆல் சீசன் டயரிலேயே இந்தக் குளிரையும் ஓட்டிவிடலாமா, ஆல் வெதர் வாங்குவதா, குளிர்கால டயரே மாட்டுவதா?

ஆல் சீசனை முதலிலேயே தள்ளிவைக்கிறேன். பெயரில்தான் எல்லாப் பருவமும் இருக்கிறது. கனடாவின் ஜனவரி அதில் சேராது. 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் ரப்பர் இறுகத் தொடங்கும், இறுகினால் சாலையைப் பற்றும் பிடி குறையும். பனி விழாத, உலர்ந்த சாலையிலும் இதே கதைதான். அதனால் முதல் பனி விழட்டும் என்று காத்திருப்பது தவறு. என் முதல் குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் ஒரு சரிவில் சிவப்பு விளக்கைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பான ஏபிஎஸ் காலடியில் தடதடத்தது. கார் மெதுவாக வழுக்கிச் சந்திப்பின் நடுவில் போய் நின்றது. எதிரே யாரும் வரவில்லை. அந்தச் சில நொடிகளை இன்றும் மறக்க முடியவில்லை.

டயரில் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்று போட்டிருக்கிறதே என்பவர்கள் உண்டு. அது மேல்பள்ளங்களின் அமைப்பைச் சொல்வது மட்டுமே. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம்தான் பனியில் சோதித்துத் தேறியதைக் காட்டும். கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் மாட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

ஆல் வெதரில் அந்தச் சின்னம் உண்டு, ஆண்டு முழுக்கக் கழற்றவும் வேண்டாம். அடுக்குமாடியில் குடியிருந்து, நான்கு டயர் அடுக்க இடமில்லாமல், நகருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு இதையே சொல்வேன். ஆனால் பனிக்கட்டி உறைந்த சாலையில் குளிர்கால டயரின் பிடி இதற்கு வராது.

அதிகாலை வேலைக்குப் போகிறவர்களும், 401 நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே பாரி பக்கம் போகிறவர்களும் குளிர்கால டயரே வாங்க வேண்டும். கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும் ரப்பர், பனியைக் கவ்வும் நுண்கீறல்கள் என்று அது அதற்காகவே செய்யப்பட்டது. தனி ரிம்மில் ஏற்றி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலி குறையும். அந்த மாதங்களில் கோடை டயரும் தேயாமல் இருக்கும்.

"என் காரில் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறதே" என்று நண்பர்கள் சொல்வார்கள். அது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு டயர்தான் வேண்டும்.

செலவைப் பார்த்து முன்னால் இரண்டு மட்டும் மாட்டிவிடாதீர்கள்; வளைவில் பின்பக்கம் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனிக்கு நம்பாதீர்கள். குளிர் ஒவ்வொரு 5 டிகிரி இறங்கும்போதும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால், மாதம் ஒருமுறை காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்து பாருங்கள்.