தைராய்டு ஸ்லைடு மறு ஆய்வுக்குப் பணம் கட்டும் முன்

கோவையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அண்ணியின் கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை செய்தார்கள். "பெதஸ்டா 4" என்று அறிக்கை வந்தது; தைராய்டு ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகையாகப் பிரிக்கும் பெதஸ்டா முறையில் அது நான்காம் வகை. அறுவை மருத்துவர் அதைப் புற்றுநோய் என்றே சொல்லி, தைராய்டு முழுவதையும் எடுக்கத் தேதியும் குறித்துவிட்டார்.

பெதஸ்டா 4 என்றால் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல. 2023-இல் வெளிவந்த, பெதஸ்டா முறையின் மூன்றாம் பதிப்பின்படி, இவ்வகைக் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 30 விழுக்காடுதான். செல்கள் கட்டியின் உறையையோ இரத்தக் குழாயையோ ஊடுருவியிருக்கின்றனவா என்பதே முடிவைச் சொல்லும்; அதை ஊசியில் வரும் செல்களில் காண முடியாது, வெட்டியெடுத்த கட்டியில்தான் காண முடியும். எனவேதான் பலருக்கும் முதலில் ஒரு பக்க மடலை மட்டும் எடுக்கிறார்கள். முழுவதையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை உண்டு. இருபுறக் குரல் நரம்புகளுக்கும், கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகளுக்கும் ஆபத்தும் உண்டு.

வேறொரு நோயியல் மருத்துவரிடம் ஸ்லைடுகளை, அதாவது ஊசியில் எடுத்த செல்களைப் பூசிய கண்ணாடித் துண்டுகளை, காட்ட வேண்டும் என்றோம். "நாங்களே வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிக் கருத்து வாங்கித் தருகிறோம்" என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வந்த தாளில் வேறு ஆய்வகத்தின் பெயரே இல்லை. முதல் அறிக்கையின் வாக்கியங்கள் அப்படியே இருந்தன, அதிலிருந்த எழுத்துப் பிழை உட்பட. கையெழுத்தும் அதே மருத்துவருடையது.

ஸ்லைடுகளைக் கேட்டபோது வெளியே தருவதில்லை என்றார்கள். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற, இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பித்த பிறகே அட்டை உறை ஒன்று கைக்கு வந்தது. அதில் இரண்டு ஸ்லைடுகள் மட்டுமே. அறிக்கையிலோ நான்கு என்றிருந்தது. மீதியையும் வாதாடித்தான் வாங்கினோம். உறையை வாங்கும் இடத்திலேயே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் எழுதியிருக்கும் எண் அறிக்கை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் சரிபாருங்கள். ஊசிப் பரிசோதனையில், புது ஸ்லைடுக்கு வெட்டியெடுக்க உதவும், மாதிரியைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு பெரும்பாலும் இருக்காது. ஸ்லைடு உடைந்தால் மறுபடி வெட்டியெடுக்க வழியில்லை. ஆகவே கையொப்பமோ முன்பணமோ கேட்டால் அது நியாயம். தரவே மறுப்பது நியாயமன்று.

அரசு மருத்துவக் கல்லூரி நோயியல் துறையில் காட்டியபோது, ஸ்லைடுகளில் இரத்தம் மிகுந்து செல்கள் நசுங்கியிருக்கின்றன, இவற்றை வைத்து 3-ஆம் வகைக்கு (உறுதியாகச் சொல்ல முடியாத நிலை) மேல் சொல்ல இயலாது என்றார்கள். ஸ்கேன் துணையோடு மறுபடி ஊசி போட்டதில் 2-ஆம் வகை, அதாவது சாதாரணக் கட்டி என்று வந்தது. மறு ஆய்வில் வகை கூடுவதும் உண்டு; எங்களுக்குக் குறைந்தது. அறுவையை நிறுத்திவிட்டு, இப்போது குறித்த இடைவெளியில் ஸ்கேன் பார்த்து வருகிறோம்.

3,500 ரூபாய் ரசீதில் "வெளி ஆய்வகக் கட்டணம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த ஆய்வகம் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.